இரண்டு வாரக் கேள்வி

"கடந்த ரெண்டு வாரத்துல பாப்பாவுக்கு வயித்தால போச்சாம்மா?"

சில ஆண்டுகளுக்கு ஒரு முறை இந்தியாவில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குத் தேசிய குடும்ப நல ஆய்வின் களப்பணியாளர்கள் போகிறார்கள். 5 வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில் இந்தக் கேள்வியைத் தவறாமல் கேட்கிறார்கள். இடுப்பில் குழந்தையோடு நிற்கும் தாய் கொஞ்சம் யோசிக்கிறார். போன வெள்ளிக்கிழமையா, அதற்கு முந்தின வெள்ளியா? ஒருவேளை இப்படியும் சொல்வார்: "பல்லு முளைக்குதுங்க, ரெண்டு நாள் தண்ணியா போச்சு. பேதியெல்லாம் இல்ல."

இந்தப் பதிலை 'ஆம்' என்று குறிப்பதா, 'இல்லை' என்று குறிப்பதா? நாட்டின் எண்ணிக்கை அந்த இடத்தில்தான் உருவாகிறது. 2015-16இல் நடந்த ஆய்வில், முந்தைய இரண்டு வாரங்களுக்குள் வயிற்றுப்போக்கு வந்த குழந்தைகள் 9.2 சதவீதம். 2019-21இல் அது 7.3 சதவீதம். இத்தனை சாதாரணமான ஒரு நோயை எண்ணுவது எவ்வளவு கடினம் என்று தெரிந்துகொண்ட பிறகு, இந்த எண்களை என்னால் முன்புபோல் அலட்சியமாகக் கடந்து போக முடியவில்லை.

முதல் சிக்கல் சொல்லிலேயே இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கணம் தெளிவானது. 24 மணி நேரத்தில் மூன்று முறையோ அதற்கு மேலோ இளகலாகவோ நீராகவோ போனால் அது வயிற்றுப்போக்கு. 14 நாள்களுக்குள் முடிந்தால் தீவிர வயிற்றுப்போக்கு, அதைத் தாண்டினால் நீடித்த வயிற்றுப்போக்கு. இங்கே 'தீவிரம்' என்ற சொல் கடுமையைக் குறிப்பதில்லை, திடீரென வந்து விரைவில் முடிவதைக் குறிக்கிறது. ஆனால் எந்த வீட்டிலும் யாரும் இப்படிப் பேசுவதில்லை. நம் மொழியில் வயிறு போவதற்கு ஒரு குடும்பம் நிறையப் பெயர்கள் உண்டு. பேதி, கழிச்சல், மாந்தம், ரத்தமும் சளியும் கலந்தால் சீதபேதி, வாந்தியோடு சேர்ந்தால் வாந்திபேதி. யாழ்ப்பாணத்தில் வயிற்றோட்டம். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணமும் ஒரு கைவைத்தியமும் கூடவே ஒட்டிக்கொண்டிருக்கும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் கைக்குழந்தையோ ஒரு நாளில் ஐந்தாறு முறை இளகலாகப் போவது இயல்பு. அதை நோய்க்கணக்கில் சேர்க்கக் கூடாது. அதனால்தான் அந்த இலக்கணத்திலேயே ஒரு திருத்தமும் உண்டு: அந்தக் குழந்தைக்கு வழக்கமானதைவிட அதிகமா என்று பார்க்க வேண்டும். அதைத் தாயைத் தவிர யார் சொல்ல முடியும்? எத்தனை ஆய்வகம் கட்டினாலும் இந்த நோயின் முதல் அளவுகோல் தாயின் கண்தான்.

பல் முளைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தத் தாய் பார்த்தது பொய்யில்லை. வயிற்றுப்போக்கு மிக அதிகமாக வருவது 6 மாதம் முதல் 2 வயது வரைதான், பல் முளைப்பதும் அதே காலத்தில்தான். கருவில் இருந்தபோது தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள்கள் அந்த நேரத்தில்தான் தீர்ந்து போகின்றன. குழந்தை தவழத் தொடங்குகிறது, தரையில் கிடக்கும் எதையும் வாயில் போட்டுப் பார்க்கிறது. தாய்ப்பாலோடு முதல் முறையாகக் கஞ்சியும் பருப்புச் சோறும் தண்ணீரும் உள்ளே போகின்றன. இத்தனையும் ஒரே நேரத்தில் நடக்க, கண்ணுக்குத் தெரிவது வெள்ளையாக முளைத்த பல் மட்டுமே. பழி அதன் மேல் விழுகிறது. பல்லால் பேதி என்று முடிவாகிவிட்டால் அந்தப் போக்கு கணக்கிலும் வராது, சிகிச்சைக்கும் போகாது.

இரண்டாவது சிக்கல் நினைவு. லேசான வயிற்றுப்போக்கு இரண்டு மூன்று நாள்களிலேயே மறக்கத் தொடங்கும் விஷயம். இரண்டு வாரத்துக்கு முன் நடந்ததைக் கேட்டால் கடுமையானது மட்டும்தான் நினைவில் எஞ்சியிருக்கும். நேற்றைப் பற்றி மட்டும் கேட்டால் நினைவு பிசகாது, ஆனால் நேற்று வயிறு போன குழந்தைகள் சொற்பமாகவே கிடைப்பார்கள், நம்பத்தக்க எண் கிடைக்க இன்னும் பல மடங்கு வீடுகள் ஏற வேண்டும். இரண்டு வாரம் என்பது இரண்டுக்கும் நடுவில் செய்துகொண்ட ஒரு சமரசம்.

அந்த 7.3 சதவீதத்தை வைத்து ஒரு மனக்கணக்குப் போடலாம். ஆண்டுக்கு 26 இரண்டு வாரங்கள். 100 குழந்தைகளில் ஒவ்வொரு இரண்டு வாரத்திலும் ஏழு பேருக்கு என்றால், ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 190 முறை. அதாவது ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு இரண்டு முறைக்குச் சற்றுக் குறைவு. ஓர் இரண்டு வாரத்தில் தொடங்கி அடுத்த இரண்டு வாரத்துக்குள் நீண்ட போக்குகள் இரண்டு முறை எண்ணப்பட்டிருக்கும், மறந்துபோனவை எண்ணப்படாமலே போயிருக்கும். ஆய்வு மழைக்காலத்தில் நடந்ததா, பனிக்காலத்தில் நடந்ததா என்பதும் எண்ணை மாற்றும். பாக்டீரியா வகைகள் கோடையிலும் மழையிலும் பெருகும், ரோட்டா வைரஸ் இந்தியாவில் மார்கழி, தை மாதக் குளிரில் உச்சம் தொடும்.

இது ஏழை நாடுகளின் நோய் என்ற எண்ணம் நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. ஆஸ்திரேலியா, கனடா, அயர்லாந்து, அமெரிக்கா ஆகிய நான்கு நாடுகளிலும் ஒரே இலக்கணத்தை வைத்து, எல்லா வயதினரிடமும் முந்தைய நான்கு வாரங்களைப் பற்றிக் கேட்டுப் பார்த்தார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் 7.6 சதவீதம் பேர் 'ஆம்' என்றார்கள். ஆஸ்திரேலியாவில் 6.4, அயர்லாந்தில் 3.4. பிரிட்டனில் நடந்த இன்னொரு பெரிய ஆய்வு வேறொன்றைக் காட்டியது. அரசின் நோய்ப்பதிவேட்டில் ஒரு குடல் தொற்று ஏறும்போது வெளியே ஊருக்குள் 147 பேர் அதே பாட்டை அனுபவித்துவிட்டு, டாக்டரிடம் போகாமலோ, போனாலும் பரிசோதனை இல்லாமலோ தேறிவிடுகிறார்கள். மருத்துவமனைப் பதிவேட்டை மட்டும் பார்த்து இந்த நோயை அளப்பவர் கிணற்றில் ஒரு வாளி இறைத்துவிட்டு ஊற்றின் ஆழத்தைச் சொல்பவர்தான்.

அப்படியானால் சரியாக எண்ண என்னதான் வழி? வழி ஒன்று உண்டு. பிறந்த நாளிலிருந்து குழந்தையின் கூடவே இருப்பது.

வேலூரில் அதைச் செய்தார்கள். 2002இல் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் ககன்தீப் காங் தலைமையில் நகரின் நெரிசலான குடியிருப்புகளில், பீடி சுற்றிப் பிழைக்கும் குடும்பங்கள் நிறைந்த தெருக்களில், பிறந்த குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டார்கள். சேர்ந்தவர்கள் 452 பேர். மூன்று வயது முடியும்வரை கூட இருந்தவர்கள் 373 பேர். வாரத்துக்கு இரண்டு முறை களப்பணியாளர் வீட்டுக்கு வருவார். குழந்தை நன்றாக இருந்தாலும் சரி, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மலம் சேகரிக்கப்படும். வயிறு போனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள். இப்படியே மூன்று வருடம். ஒரு தெருவில் வாரம் இரண்டு முறை ஒருவர் கதவைத் தட்டி "குழந்தை இன்னிக்கு எப்படிப் போச்சு?" என்று கேட்பதையும், அதற்கு மூன்று வருடம் முகம் சுளிக்காமல் ஒரு தாய் பதில் சொல்வதையும் நினைத்துப் பாருங்கள். அறிவியலின் பெரிய காரியங்கள் பல இப்படிப்பட்ட பொறுமையால் நடந்தவை.

அந்தப் பொறுமைக்குக் கிடைத்த பலன் 2011இல் வெளியானது. அது ரோட்டா வைரஸைப் பற்றியது. ரோட்டா வைரஸ் என்பது 1973இல் மெல்பர்னில் ரூத் பிஷப் குழுவினர், வயிறு போன குழந்தைகளின் குடல் திசுவை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது கண்டது. சக்கரம் போன்ற உருவம், அதனால்தான் அந்த லத்தீன் பெயர். தடுப்பு மருந்து வருவதற்கு முன் இந்தியாவில் வயிற்றுப்போக்கால் மருத்துவமனையில் சேர்ந்த சிறு குழந்தைகளில் ஏறக்குறைய 40 சதவீதம் பேருக்கு இதுதான் காரணம். வேலூர்க் குழந்தைகளில் 56 சதவீதம் பேரை ஆறு மாதத்துக்குள்ளேயே இந்த வைரஸ் தொட்டுவிட்டிருந்தது. அதில் பெரும்பாலான தொற்று எந்த அறிகுறியும் இல்லாமல் வந்து போனது. வீட்டில் யாருக்கும் தெரியாது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எடுத்த மலம் மட்டும் காட்டிக்கொடுத்தது.

அதைவிட முக்கியமான செய்தி ஒன்று இருந்தது. மெக்சிகோ நகரில் முன்பே இதே போன்ற ஓர் ஆய்வு நடந்திருந்தது. அங்கே இரண்டு முறை ரோட்டா தொற்று வந்துபோன குழந்தைக்குப் பிறகு கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கு வரவே இல்லை. முழுப் பாதுகாப்பு. வேலூரில் மூன்று முறை தொற்று வந்த பிறகும் பாதுகாப்பு 79 சதவீதம்தான். வைரஸ் ஒன்று, குழந்தையின் உடலும் மனித உடல்தான், ஆனால் நோயெதிர்ப்பு வேறு மாதிரி பாடம் படிக்கிறது. இந்தியாவிலேயே உருவான ரோட்டா தடுப்பு மருந்து டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டு, 2014இல் முடிவு வந்தபோது, முதல் ஆண்டில் கடுமையான ரோட்டா நோயைத் தடுத்த திறன் சுமார் 56 சதவீதம். பணக்கார நாடுகளில் இதே வகைத் தடுப்பு மருந்துகள் 85 சதவீதத்தைத் தாண்டுகின்றன. "நம்ம மருந்து மட்டமா?" என்று கேட்பவர்களுக்கு வேலூர் ஆய்வு முன்கூட்டியே பதில் சொல்லிவிட்டது. இயற்கையான தொற்றே இங்கே அரைகுறையாகத்தான் பாதுகாக்கிறது. பாதிப் பாதுகாப்பு என்றாலும், நோய் இவ்வளவு மலிந்த இடத்தில் அது காப்பாற்றும் உயிர்களின் எண்ணிக்கை பெரியது. 2016இல் நான்கு மாநிலங்களில் தொடங்கி, 2017இல் தமிழ்நாட்டுக்கும் பிறகு நாடு முழுவதற்கும் ரோட்டா சொட்டு மருந்து வந்தது. 6, 10, 14 வாரங்களில் போடப்படுகிறது.

ஏன் இந்த அரைகுறை? ஒரு தடயம் வேலூரிலேயே ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் கிடைத்திருந்தது. அதே மருத்துவக் கல்லூரியின் செல்வின் பேக்கரும் வி. ஐ. மாத்தனும் 1960களிலும் 70களிலும், எந்த நோயும் இல்லாத தென்னிந்தியர்களின் சிறுகுடலிலிருந்து துளித் திசு எடுத்துப் பார்த்தார்கள். சிறுகுடலின் உள்சுவரில் கம்பளத்தின் இழைகள்போல லட்சக்கணக்கான குடலுறிஞ்சிகள் நிமிர்ந்து நிற்க வேண்டும். ஆரோக்கியமாக நடமாடிக்கொண்டிருந்தவர்களின் குடலில் அவை குட்டையாகவும் மழுங்கியும் இருந்தன. அழுக்கான சூழலில் வளர்ந்த குடல் ஓயாமல் கிருமிகளோடு உரசிக்கொண்டே இருக்கிறது. பேதி என்று வெளியே தெரியாமல் உள்ளே நடக்கும் போராட்டம் அது. வேலூர் உள்பட உலகின் எட்டு இடங்களில் பிற்பாடு நடந்த ஓர் ஆய்வில், வயிறு போனபோது எடுத்த மலத்தில் நூற்றுக்கு 77இல் ஏதேனும் ஒரு குடல் கிருமி இருந்தது. நன்றாக இருந்தபோது எடுத்த மலத்தில்? நூற்றுக்கு 65! அப்படியென்றால் கிருமி இருப்பது வேறு, நோய் வருவது வேறு. இரண்டு வாரக் கேள்வி இரண்டாவதை மட்டுமே எண்ணுகிறது.

இனி, யாருக்கு வருகிறது, ஏன் வருகிறது என்பதற்கு வருவோம். 'சுத்தம் இல்லை' என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவது எளிது. ஆனால் ஒவ்வொரு கிருமிக்கும் ஒரு கணக்கு உண்டு, நோய் உண்டாக்க எத்தனை கிருமி வேண்டும் என்பதுதான் அது. காலராக் கிருமிக்கு ஆரோக்கியமான இரைப்பையின் அமிலத்தைத் தாண்ட வேண்டும் என்றால் கோடிக்கணக்கில் வேண்டும். அத்தனையும் ஒரே நேரத்தில் வாய்க்குள் போக, நன்றாகக் கெட்ட தண்ணீரோ உணவோதான் சரியான வாகனம். அதனால் குடிநீரைச் சுத்தப்படுத்திய நகரங்களில் காலரா ஒழிந்தது. சீதபேதிக்குக் காரணமான ஷிகெல்லாவுக்குப் பத்திலிருந்து நூறு கிருமிகள் போதும். ரோட்டா வைரஸுக்கும் நூறுக்குள்தான். நோயின் உச்சத்தில் ஒரு கிராம் மலத்தில் ஆயிரம் கோடிக்கும் மேல் வைரஸ்கள் இருக்கும். அந்தக் கிராமின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, கண்ணுக்கே தெரியாத துகள், நூறு குழந்தைகளுக்கு நோயைக் கொடுக்கப் போதுமானது. நகக்கண்ணில் ஒட்டும், துணி மாற்றிய கையில் ஒட்டும், பொம்மையில் ஒட்டும். தண்ணீரை எத்தனை முறை வடிகட்டினாலும் இந்த வழிகள் அடைபடாது. தடுப்பு மருந்துக்கு முன் அமெரிக்காவிலும் ஐந்து வயதுக்குள் கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் ரோட்டா தொற்று வந்துபோனது இதனால்தான். ஆனால் அங்கே ஆண்டுக்கு இறந்த குழந்தைகள் 20 முதல் 60 பேர். இந்த வேறுபாட்டுக்குப் பிறகு வருகிறேன்.

தண்ணீர் விஷயத்தில் வேலூரில் நடந்த ஒரு சிறிய ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. 2004இல் வெளியானது. நகரக் குடிநீர் ஓர் ஏரியிலிருந்தும், வறண்ட ஆற்றுமணலுக்கு அடியிலிருந்தும் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. சுத்திகரித்த நீர் என்று குழாயில் வந்ததிலேயே, எடுத்த மாதிரிகள் எல்லாவற்றிலும் மாசு இருந்தது. விட்டு விட்டு வரும் குழாய்களில் இது எங்கும் நேரக்கூடியது. நீரோட்டம் நிற்கும்போது குழாய்க்குள் அழுத்தம் விழும், பக்கத்தில் ஓடும் சாக்கடை நீர் விரிசல் வழியே உள்ளே கசியும். பிறகு அந்த நீர் வீட்டில் ஒன்று முதல் ஒன்பது நாள்வரை சேமித்து வைக்கப்பட்டது. 37 வீடுகளில் 25 வீடுகளில் மாசு இன்னும் கூடியது. மூடாத குடம், உள்ளே கை படும்படி மொள்ளும் டம்ளர், குழந்தையின் விரல் என்று அதற்கு வழிகள் ஏராளம். தண்ணீர் தினமும் வந்தால் யாரும் ஒன்பது நாள் சேமிக்க மாட்டார்கள் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

ஆனால் ஒரு வகைப் பாத்திரத்தில் மட்டும் மாசு குறைந்தது. பித்தளைக் குடம். ஆய்வகத்தில் கிருமிகளை வேண்டுமென்றே கலந்து வெவ்வேறு பாத்திரங்களில் ஊற்றி வைத்துப் பார்த்தபோதும் அதே முடிவு. பித்தளையில் இருக்கும் செம்பு நுண்ணிய அளவில் நீரில் கரைந்து கிருமிகளைக் கொல்கிறது. புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பாட்டிமார்கள் பளபளப்பாக வைத்திருந்த குடங்களை நாம் எடைக்குப் போட்டுவிட்டு, வண்ண வண்ண பிளாஸ்டிக் குடங்களை வரிசையில் வைத்த கதை எல்லோருக்கும் தெரியும். பிளாஸ்டிக் குடம் கனமில்லை, தூரத்திலிருந்து சுமக்கும் பெண்களின் இடுப்புக்கு அது ஒரு விடுதலை. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் பரணில் ஒரு பித்தளைக் குடம் தூங்கிக்கொண்டிருந்தால் அதைக் குடிநீருக்கு இறக்கலாம். மோரும் புளித்தண்ணீரும் மட்டும் அதில் வேண்டாம், களிம்பேறும்.

தண்ணீரும் கழிப்பறையும் கையலம்புதலும் சேர்ந்தால் நோய் ஓடிவிடும் என்ற நம்பிக்கையில் வங்கதேசக் கிராமங்களிலும் கென்யக் கிராமங்களிலும் இரண்டு பெரிய சோதனைகள் நடந்தன. 2018இல் முடிவுகள் வந்தன. வங்கதேசத்தில் வயிற்றுப்போக்கு 5.7 சதவீதத்திலிருந்து 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. தண்ணீரில் கலக்கக் குளோரின் மட்டும் கொடுத்த வீடுகளில் குறைவு தெளிவாகத் தெரியவில்லை. கென்யாவில் ஒப்பீட்டுக்கு வைத்த வீடுகளில் 27 சதவீதம், மற்ற வீடுகளில் என்ன செய்தும் அது அசையவில்லை. வங்கதேசத்தில் இந்தப் பழக்கங்களை ஊக்குவிப்பவர் மாதத்துக்கு ஆறு முறை வீடு தேடி வந்தார், கென்யாவில் மாதம் ஒரு முறை. அது ஒரு காரணமாக இருக்கலாம். நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது இது: நம் வீட்டில் கழிப்பறை கட்டி, பக்கத்து வீட்டு மலம் திறந்தவெளியில் கிடந்தால், ஈக்கும் கோழிக்கும் மழைநீருக்கும் வேலி கிடையாது. இது தெருவின் நோய். ஒரு வீட்டை மட்டும் காப்பாற்ற நினைப்பவர்கள் தோற்பதில் வியப்பில்லை.

சில வழிகள் எளிமையாக வேலை செய்கின்றன. கராச்சியின் குடிசைப் பகுதிகளில் வீடுகளுக்குச் சோப்பு கொடுத்து, வாரா வாரம் போய் எப்படிக் கை கழுவுவது என்று கூட இருந்து பழக்கினார்கள். 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடம் வயிற்றுப்போக்கு 53 சதவீதம் குறைந்தது. கிருமிநாசினிச் சோப்பும் சாதாரணச் சோப்பும் ஒரே பலனைத்தான் தந்தன. தாய்ப்பால் அதைவிட எளிமையானது. முதல் ஆறு மாதத்தில் தாய்ப்பாலே கிடைக்காத குழந்தை வயிற்றுப்போக்கால் இறக்கும் ஆபத்து, தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தையைவிடப் பத்து மடங்கு. கலக்குவதற்குத் தண்ணீர் வேண்டாம், கழுவுவதற்குப் பாட்டில் இல்லை, தாய் அன்றாடம் சந்திக்கும் கிருமிகளுக்கே எதிர்ப்பொருள் அந்தப் பாலில் இறங்குகிறது.

முன்பு அமெரிக்கக் குழந்தைகளிடம் நிறுத்திய இடத்துக்கு வருகிறேன். எல்லா நாட்டுக் குழந்தைகளுக்கும் வயிறு போகிறது. ஐந்து வயதுக்குட்பட்டவர்களிடம் மட்டும் உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 170 கோடி முறை. ஆனால் சாவது யார்? நோய் வருவதற்கான காரணங்களும் அதனால் இறப்பதற்கான காரணங்களும் ஒன்றல்ல.

ஒரு பெரியவரின் குடலுக்குள் தினமும் சுமார் 9 லிட்டர் திரவம் இறங்குகிறது. நாம் குடிப்பது அதில் 2 லிட்டர்தான். மீதி உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தம், கணையநீர் என்று உடலே சுரந்து ஊற்றுவது. அதில் கடைசியில் வெளியே போவது ஒரு டம்ளருக்கும் குறைவு. மற்ற எல்லாவற்றையும் குடல் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. தினமும் நமக்குள் ஓர் ஆறு பாய்ந்து, கடலுக்குப் போகாமலே திரும்பி வருகிறது. உறிஞ்சுவது சற்றே குறைந்தாலோ சுரப்பது சற்றே கூடினாலோ போதும், வயிறு போகும். ரோட்டா வைரஸ் குடலுறிஞ்சிகளின் நுனிச் செல்களை அழித்து உறிஞ்சலைக் கெடுக்கிறது. காலரா நச்சு செல்களைக் கொல்லாமல் உப்பையும் நீரையும் கொட்டும் மடையைத் திறந்துவிடுகிறது. அப்படி ஒரு நச்சு இருக்கிறது என்று 1959இல் கல்கத்தாவில், மிகக் குறைந்த வசதிகளோடு, முயலின் குடலை வைத்து நிரூபித்தவர் சம்பு நாத் தே. நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர்.

10 கிலோ எடையுள்ள குழந்தை 1 லிட்டர் நீரை இழந்தால் அது கடும் நீரிழப்பு. பெரியவருக்கு ஒரு லிட்டர் என்பது ஒரு மதியத் தாகம். உச்சிக்குழி விழுந்துவிட்டது என்று நம் பாட்டிமார்கள் பதறியது இதைப் பார்த்துத்தான். குழந்தையின் உச்சந்தலையில் இன்னும் எலும்பு மூடாத இடம், உடலில் நீர் வற்றும்போது உள்வாங்குகிறது. அவர்கள் சொன்ன காரணம் எதுவாக இருந்தாலும், பார்த்த அடையாளம் சரியானது. கண் குழிவதும், அழுதால் கண்ணீர் வராததும், வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத் திரும்புவதும், சிறுநீர் போகாமல் குழந்தை துவண்டு கிடப்பதும் அதே வரிசை. இவற்றைக் கண்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

அதற்கு முன்னமே வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. குடல் செல்லின் சுவரில் ஒரு வாசல் இருக்கிறது. இரண்டு சோடியம் அயனிகளும் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறும் சேர்ந்து வந்தால்தான் அது திறக்கும். அவை உள்ளே போனதும் தண்ணீர் பின்தொடரும். 1960இல் உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் இதை முன்வைத்தார். காலரா மற்ற எல்லாவற்றையும் குலைத்தாலும் இந்த ஒரு வாசலைத் தொடுவதில்லை. உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் கலந்த தண்ணீர் அதனால்தான் பேதியின் நடுவிலும் உடலில் ஏறுகிறது. 1971இல் வங்கதேசப் போரின்போது எல்லையோர ஊரான பன்கானில் அகதிகளிடையே காலரா பரவி, நரம்பில் ஏற்றும் மருந்து தீர்ந்துபோனபோது, மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் இந்தக் கரைசலை டிரம்களில் கலக்கி வைத்து, உறவினர்களையே பிடித்துப் புகட்டச் சொன்னார். 30 சதவீதம் இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. 1980ஆம் ஆண்டில் உலகில் சுமார் 46 லட்சம் சிறு குழந்தைகள் வயிற்றுப்போக்கால் இறந்ததாக ஒரு மதிப்பீடு. இன்று அது நான்கரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. இந்த இறக்கத்தில் பெரும் பங்கு அந்தக் கரைசலுக்கு.

அளவு முக்கியம். இனிப்பு அதிகமான பானங்கள் குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் போக்கைக் கூட்டும். அந்தக் கரைசலுக்கான ஓஆர்எஸ் தூள் ஒரு பாக்கெட் ஒரு லிட்டருக்கு என்றால் ஒரு லிட்டருக்குத்தான். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் நல்லது. அரிசியின் மாவுப்பொருள் மெல்ல மெல்லக் குளுக்கோஸாக உடைந்து அதே வாசலைத் திறக்கிறது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலும் ஓஆர்எஸ்ஸும் போதும். கூடவே துத்தநாக மாத்திரை 14 நாள். குடல் செல்கள் மூன்று முதல் ஐந்து நாள்களுக்குள் தாமாகவே புதிதாகிவிடும். அதுவரை உடலில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலான வயிற்றுப்போக்கு தானே நிற்கும்.

2019-21 ஆய்வில், வயிறு போன குழந்தைகளில் ஓஆர்எஸ் பெற்றவர்கள் 60.6 சதவீதம். ஐந்து ஆண்டுகளுக்கு முன் அது 50.6ஆக இருந்தது. மீதி நாற்பது பேரின் வீட்டில் என்ன நடந்தது என்பதற்குப் படிவத்திலேயே இன்னொரு கேள்வி இருக்கிறது. வயிறு போனபோது குழந்தைக்குக் குடிக்க வழக்கத்தைவிட அதிகமாகக் கொடுத்தீர்களா, அதே அளவா, குறைவாகவா?

"தண்ணி குடுத்தா இன்னும் போகுமேன்னு குறைச்சிட்டேங்க" என்பார் ஒரு தாய். அந்தப் பதிலுக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. களப்பணியாளர் அதைக் குறித்துக்கொண்டு, அடுத்த பக்கத்தைத் திருப்புவதற்கு முன் குழந்தையின் முகத்தை ஒரு முறை பார்க்கிறார்.